மெக்சிகன் வீட்டுப் பிள்ளைகளும் மொரிசியும்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 2016-ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்த புதிது. ஆபீஸில் பக்கத்து சீட்காரன் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து வளர்ந்தவன், அப்பா அம்மா மெக்சிகோவில் ஹலிஸ்கோ மாநிலப் பக்கம். அவன் முன்கையில் ஒரு முகம் பச்சை குத்தியிருந்தது. முன்மயிரை மேலே தூக்கி வாரிய வெள்ளைக்காரர். சும்மா இருந்திருக்கலாம். "உங்க தாத்தாவா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"மோஸ் தெரியாதா உனக்கு?" என்று எழுந்தே விட்டான். மொரிசியைத்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுகிறார்கள். மான்செஸ்டரில் 1982-ல் தொடங்கி 1987-ல் உடைந்த 'த ஸ்மித்ஸ்' குழுவின் பாடகர். இவனோ, குழு உடைந்த பிறகு பிறந்தவன்!

அடுத்த மாதமே, மெக்சிகன் ஆட்கள் நிறைய வசிக்கும் பாயில் ஹைட்ஸ் பகுதிக்கு இழுத்துப் போனான். மரியாச்சி பிளாசாவில் கிட்டாரும் எம்பிராய்டரி கோட்டுமாக மரியாச்சி என்ற மெக்சிகன் பாட்டுக்காரர்கள் கச்சேரிக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருப்பார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் 'ஈஸ்ட்சைட் லவ்' என்ற பாரில் 'மொரிசியோக்கி', அதாவது இவர் பாட்டுக்கு மட்டுமே கரோக்கி. நம் கல்யாண மேடையில் செருகுவார்களே கிளாடியோலஸ், அதில் ஒரு தண்டை ஜீன்ஸ் பின்பாக்கெட்டில் சொருகிக்கொண்டு ஒரு பெண் மேடை ஏறினாள். ஸ்மித்ஸ் காலத்தில் அவர் அப்படித்தான் ஆடுவாராம். திரையில் வரி ஓடிக்கொண்டிருக்க, அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாதியில் தொண்டை அடைத்து நின்றாள். மிச்சத்தைக் கூட்டம் பாடி முடித்தது.

அந்த ஆகஸ்டில்தான் மெக்சிகோவின் பெரிய பாடகர் ஹுவான் கப்ரியேல் சான்டா மோனிகாவில் இறந்திருந்தார். "அம்மா கிச்சன்ல அவர் பாட்டைப் போட்டு அழும். நான் ரூமைச் சாத்திக்கிட்டு மோஸ் கேட்டு அழுவேன். ரெண்டும் ஒரே அழுகைதான்" என்றான் நண்பன்.

*

அழுகை சரி, ஆனால் அது பாதிக் கதைதான். நான் இங்கே இருபது வருஷமாக இருக்கிறேன். எண்பதுகளில் கேராக் (KROQ) என்ற இந்த ஊர் ரேடியோ ஸ்மித்ஸை ஓயாமல் போட்டது. அதைக் கேட்டு வளர்ந்த அண்ணன் அக்காக்களிடமிருந்து தம்பி தங்கைகளுக்கு கேசட் கைமாறியது. மொரிசியின் பெற்றோரும் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்த கத்தோலிக்கர்கள். வீட்டில் ஒரு ஊர், வாசலைத் தாண்டினால் வேறு ஊர் என்று வளர்ந்த பிள்ளைக்கு அவர் பாட்டு புரியாமலா போகும்? தொண்ணூறுகளின் கடைசியில் அவரே லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவந்தார். 2004-ல் ஹெக்டர் என்ற இந்த ஊர் கேங் பையனைப் பற்றி ஒரு பாட்டு. போதாதா?

மெக்சிகோ நகரத்து ஆட்கள் சேர்ந்து இவர் பாட்டைப் பாடவே 'மெக்ஸ்ரிசி' என்று ஒரு குழு வைத்தார்கள். டிரம்பெட்டோடு, ஸ்பானிஷில் கேளுங்கள். ஏதோ அந்த ஊரிலேயே பிறந்த பாட்டு மாதிரி இருக்கும்.

*

என் அனுபவம் சாப்பாட்டு சம்பந்தமானது, சிரிக்காதீர்கள். 2013 மார்ச், ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கில் மொரிசி கச்சேரி. அவர் கறார் சைவம், அன்றைக்கு நான் போன கடையில் மாமிசம் கிடையாது. அமெரிக்காவில் முதல் தடவையாக "இதுல மீட் இருக்கா?" என்று கேட்காமல் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஆறடி ஆள் ஒருவர், கழுத்துவரை பச்சை, சைவ ஹாட்டாக்கை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மோஸுக்காக இதையும் தின்னுறேன். எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார். கடைசிப் பாட்டில் அந்த ஆள் அழுததையும் நான் யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரை.

*

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள். 2017 நவம்பர் 10-ம் தேதியை இந்த நகர சபை 'மொரிசி தினம்' என்று அறிவித்தது. அன்றிரவு ஹாலிவுட் பவுல் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். சரியாக ஒன்றரை வருஷம் கழித்து, 2019 மே மாதம், அமெரிக்க டிவியில் பாட வந்தவர் கோட்டில் 'ஃபார் பிரிட்டன்' பேட்ஜ். குடியேறி வந்தவர்களுக்கு எதிராகப் பேசிய பிரிட்டிஷ் கட்சி அது. குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள்தானே இவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்? என்னிடம் இருந்த டீஷர்ட் இப்போது கார் துடைக்கிற துணி. முதலில் எழுதியவரே, உங்கள் நண்பர் கையில் இருக்கிற பச்சை என்ன ஆயிற்று?

*

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அந்தப் பேட்ஜ் செய்தி வந்த வாரம் நானும் அவனிடம் இதையேதான் கேட்டேன். பதில் இல்லை. மடித்து விட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பட்டன் போட்டுக்கொண்டான். கச்சேரிக்குப் போவதையும் அதோடு விட்டான். ஒரு சாயங்காலம் பார்க்கிங்கில் அவன் வண்டியைத் தாண்டிப் போனேன். உள்ளே ஹெக்டர் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடியை முழுக்க ஏற்றியிருந்தான்.