கிணற்றடிச் சுவர்ப் பாசி

பெரியப்பா: ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் நம் வீட்டுக் கிணற்றடியின் வடக்குச் சுவர் கார்த்திகை மழையில் பச்சை பூத்துக் கிடக்கிறது. நேற்று துவைகல் அருகே கால் வழுக்கி விழப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பிளீச்சிங் பவுடர் போட்டு எல்லாவற்றையும் சுரண்டிவிடப் போகிறேன்.

அத்தை: செய்யுங்கள் அண்ணா. கடல்பாசியைப் பறித்தாலாவது காசு வரும். சுவர்ப் பாசியால் யாருக்கு என்ன பயன்?

நான்: பெரியப்பா, சற்றுப் பொறுங்கள். பெண்கள் கடலில் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் ஆல்கா வகை, அதாவது உண்மையான தண்டும் இலையும் இல்லாதவை. உங்களை வழுக்கிய கொழகொழப்பும் பெரும்பாலும் அந்த இனம்தான். சுவரில் மெத்தை போலிருப்பதோ ஆங்கிலத்தில் ‘மாஸ்’ எனப்படும், தண்டும் இலையும் உள்ள நிலத்தாவரம். அதன் வகையில் கடலுக்குள் வாழ்வது ஒன்றுகூட இல்லை. அதற்கு உண்மையான வேர் கிடையாது, இலைகள் பெரும்பாலும் ஒரே செல் தடிமன்தான், ஆகையால் மழைநீரை உடம்பாலேயே குடிக்கிறது.

பெரியப்பா: வடக்குச் சுவரில் மட்டும் ஏன்?

நான்: மழைக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு பார்த்த அந்த முகத்தில் வெயில் படுவதில்லை; வாடைக் காற்றோடு வரும் மழையும் அங்கேதான் அடிக்கிறது. அத்தை, கைப்பிடிச் சுவரின் மேல் காய்ந்து பழுப்பாகக் கிடப்பதன்மீது ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

அத்தை: ஊற்றினேன். சுருண்டிருந்த இலைகள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்து, சில நிமிடங்களில் பச்சையாகிவிட்டன! செத்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்.

தம்பி: குளிர்நாடுகளின் சதுப்புகளில் ஸ்பேக்னம் என்றொரு பாசி தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கிறது. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே உள்ள கரிச்சதுப்புகள், அதாவது மடிந்த பாசியும் செடிகளும் முழுதாக மட்காமல் படிந்த சதுப்புகள், எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளையும்விட அதிகக் கார்பனைச் சேர்த்து வைத்திருக்கின்றன.

பெரியப்பா: அது அங்கே. இங்கே பாசிக்குள் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கிறதே, சுவரைப் பிளக்காதா?

நான்: கன்று முளைக்க மண் தருவதுதான் பாசி செய்யும் வேலை பெரியப்பா. காற்றில் வரும் தூசியைப் பிடித்து, மடிந்த தன் உடலையும் சேர்த்து, வெறுங்கல்லின்மேல் விரலளவு மண்ணை உண்டாக்குகிறது. பறவை எச்சத்தில் விழுந்த விதை அதில் முளைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் நீர்க்கரடிகள் என்னும் எட்டுக்கால் நுண்ணிய உயிர்களும் அதற்குள் குடியிருக்கின்றன. சுவரைப் பிளப்பது அரசமரத்தின் வேர்தான், ஆகவே கன்றை மட்டும் இப்போதே பிடுங்கிவிடுங்கள்.

பெரியப்பா: சரி தாயி. துவைகல்லையும் படியையும் தேங்காய் நாரால் தேய்த்துக்கொள்கிறேன். கிணற்றடியில் பவுடர் கொட்டவும் எனக்கு மனமில்லை.

அத்தை: கன்றைப் பிடுங்கியாயிற்று. வேர் அதற்குள்ளாகவே ஒரு சாண் இறங்கியிருந்தது.