ஸ்டீரியோக்னாஸ்டிக்குக்குத் தமிழ்ல என்ன சொல்றது? வெள்ளிக்குள்ள வேணும்

பட்டர்வொர்த் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பாலர் பள்ளியில மாண்டிசோரி முறை (பிள்ளைங்க பொருள்களைத் தொட்டு, கையால செஞ்சு கத்துக்கிறது), பெற்றோருக்கு ஒரு கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டேன். சொரசொரப்பான பலகை, வழவழப்பான பலகை ரெண்டையும் பிள்ளைங்க வெதுவெதுப்பான தண்ணியில விரலைக் கழுவிட்டு நுனியால லேசா தடவிப் பாப்பாங்க, அதுக்கு "தொடு உணர்வு"ன்னு போட்டாச்சு. ஆனா துணிப்பைக்குள்ள கைய விட்டு, பாக்காமலே உள்ள இருக்கிறது ஜாதிக்காயா கொட்டைப்பாக்கான்னு சொல்றாங்களே, அதைத்தான் ஸ்டீரியோக்னாஸ்டிக்னு சொல்றது, அதுல தோல் மட்டும் இல்ல, தசை, மூட்டு எல்லாம் சேர்ந்து வேலை செய்யுது. அதுக்கும் தொடு உணர்வுன்னா ரெண்டும் ஒன்னாயிடுதே.

பிறை ஐயா:
அம்மா, தொல்காப்பியர் மரபியல்லயே "ஒன்றறி வதுவே உற்றறி வதுவே"ன்னு சொல்லிட்டார். வள்ளுவர்கிட்டயும் "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்"னு இருக்கு. ரெண்டுலயும் உறுறது, ஊறுன்னா தொட்டு உணர்றது. அதனால உற்றறிதல், இல்ல ஊறறிவு. புதுசா எதுக்கு?

கோலாலம்பூர்லேர்ந்து:
ஐயா, மன்னிக்கணும். ஊறுன்னா இன்னைக்கு பெத்தவங்களுக்குக் கெடுதல்னுதான் படும். அதோட தொல்காப்பியர் உற்றறிவை வச்சது புல்லுக்கும் மரத்துக்கும், புல்லு பைக்குள்ள கைய விட்டு இது ஜாதிக்காய்னு சொல்லாது. நமக்கு வேண்டியது கை செய்யுற வேலைக்கு ஒரு சொல். புறநானூறு 188ல பாண்டியன் அறிவுடை நம்பி பிள்ளை சோத்துல கை வைக்கிறதைச் சொல்றார், "இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்". பாருங்க, தொடுறது வேற, துழக்கிறது, அதாவது கைய விட்டுக் கிண்டுறது வேறன்னு அப்பவே பிரிச்சிட்டார். துழாவுறதும் இந்த வேர்தான், துடுப்பால துழாவிக் காச்சுற கூழுக்கு சங்கத்துல துழவைன்னே பேர், அந்தக் கதை இன்னும் நீளும், இப்ப வேணாம். என் ஓட்டு "துழாவியறிதல்".

பினாங்கு அண்ணன்:
கிரேக்கத்துல ஸ்டீரியோஸ்னா திண்மம், க்னோசிஸ்னா அறிதல். நேரா "திண்மையறிவு"ன்னு போடலாமே. இல்லன்னா "கைப்பார்வை". நாமதான் தொட்டுப் பார், தடவிப் பார்னு எல்லாத்துலயும் பார்வைய சேத்துக்கிறோமே.

கோலாலம்பூர்லேர்ந்து:
கை பாக்குறதுன்னா சோசியம்ணே. திண்மையறிவுன்னா ஆறாம் படிவ இயற்பியல் மாதிரி இருக்கு.

பிறை ஐயா:
துழாவுறதுன்னா தேடுறது. தேடுறது வேற, அறியுறது வேற. எனக்கு ஒப்பல.

பட்டர்வொர்த் டீச்சர்:
ஐயா, இன்னைக்குக் காலையில வகுப்புல வச்சுப் பாத்தேன். நாலு வயசுப் பையன், கண்ணைத் துணியால கட்டியிருக்கு. "துழாவிச் சொல்லுய்யா"ன்னேன், உடனே கைய விட்டு உள்ள இருந்த ரப்பர் கொட்டைய உருட்டி உருட்டிப் பாத்து சரியா சொன்னான். யாரும் அவனுக்கு விளக்கல. தேடுன கையேதான் அறிஞ்சுச்சு. அதனால "துழாவியறிதல்"னு அனுப்புறேன்.

பிறை ஐயா:
அனுப்புங்கம்மா, அச்சு நிக்கக்கூடாது. அடுத்த பதிப்புல அடைப்புக்குறியிலயாவது உற்றறிதல் இருக்கணும், நான் விடமாட்டேன். ரப்பர் கொட்டைன்னதும் தோட்டம் ஞாபகம் வந்துடுச்சு, பால்மரத்துக் கொட்டைய சிமெண்டுல தேச்சு சூடாக்கி பக்கத்துப் பையன் கையில வைப்போம், துள்ளுவான். ஆமா, மரம், கண்ணாடி, உலோகம்னு சூடு குளிர்ச்சி பாக்குற அந்தப் பலகைங்களுக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?