பட்டாளத்துக் கோப்பில் குடும்பத்தைத் தேடியவர்கள்: கனடாவில் உங்கள் அனுபவம் என்ன?

மிசிசாகா மாப்பிள்ளை

என் மனைவி வீட்டார் ஒன்டாரியோவில் நாலு தலைமுறையாக இருக்கும் வெள்ளைக்காரக் குடும்பம். "கொள்ளுத்தாத்தா இங்கிலாந்தில் இருந்து குடும்பத்தோடு வந்து நிலம் வாங்கினார்" என்பது அவர்கள் வீட்டுப் புராணம். மாமியாரின் 80-வது பிறந்தநாளுக்குக் கொடுக்கலாமே என்று அந்தக் கொள்ளுத்தாத்தாவின் முதல் உலகப் போர்க் கோப்பைத் தேடினேன். ஒட்டாவாவிலுள்ள கனடா நூலகம் மற்றும் ஆவணக் காப்பகம், அந்தப் போருக்குச் சேர்ந்த 6,20,000-க்கும் மேற்பட்டவர்களின் கோப்புகளை ஸ்கேன் செய்து 2018-ல் முடித்துவிட்டது. வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்.

எல்லாரும் முதலில் பார்ப்பது அட்டெஸ்டேஷன் படிவம், அதாவது படையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள். பிறந்த ஊர், தொழில், மதம், உயரம், மார்பளவு, கண் நிறம், தழும்பு எல்லாம் அதில் வரும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். கோப்பின் பின்பகுதியில் சம்பளப் பேரேடு இருக்கும். என்னைக் கேட்டால் குடும்பக் கதை இருப்பது அங்கேதான். காசு யாருக்குப் போனது என்று எழுதிவைத்திருப்பார்கள்.

சாதாரண சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு 1 டாலர் 10 சென்ட். அதில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். இவர் மாதம் 15 டாலர் அனுப்பியிருக்கிறார். முதலில் ஒன்டாரியோ கிராமத்தில் ஒரு பண்ணைக்காரர் மனைவிக்கு. படை இங்கிலாந்து போய் இறங்கியதும் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, லண்டனில் ஒரு பெண்மணியின் முகவரி. உறவு: தாய். அந்தத் தாய் இவரைப் பெற்றதும் இறந்துபோனாள் என்றுதான் குடும்பத்தில் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

அப்புறம்தான் புரிந்தது. இவர் குடும்பத்தோடு வந்தவரே இல்லை. இங்கிலாந்தின் அநாதை இல்லங்கள் 1869 முதல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பின. பையன்கள் பண்ணை வேலைக்கு, பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு. பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள், வளர்க்க வழியில்லை, அவ்வளவுதான். அதே காப்பகத்தில் இந்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. கப்பல் பெயரோடு இவரும் அதில் இருந்தார்.

மாமியாருக்கு முதலில் கோபம்தான் வந்தது, "எங்க யாருக்குமே சொல்லலையே" என்று. மறுநாள் காலையில் அந்த லண்டன் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒட்டாவா குடிமகன்

அருமை சார். ஒரு எச்சரிக்கை மட்டும். அட்டெஸ்டேஷன் படிவத்தில் இருப்பது அந்த ஆள் சொன்னது. பிறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்று யாரும் கேட்கவில்லை. வயது குறைந்த பையன்கள் ஆயிரக்கணக்கில் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தார்கள். பெயரையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. பிறந்த தேதியை அதில் பார்த்து அப்படியே வம்சாவளிப் பட்டியலில் ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று: 1917-ல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தபின் இழுத்துப் போடப்பட்டவர்களுக்கு வேறு படிவம். அதைப் பார்த்தாலே ஆள் விரும்பிப் போனாரா, சட்டம் பிடித்துப் போனதா என்று தெரியும். சில வீட்டு வீரகதைகள் அங்கே முடிந்துவிடும்!

ஸ்காபரோ சித்தப்பா

என்ரை மனுசியோட வேலை செய்யிற பிள்ளை ஒண்டு, அவவின்ரை பூட்டன் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். ஒட்டாவாக் காப்பகத்தில தேடித் தேடிக் களைச்சுப் போச்சுது பிள்ளை. இருந்தால்தானே வரும்? 1949 வரைக்கும் நியூஃபவுண்ட்லாந்து கனடாவோட சேரேல்லை. அவங்கட ரெஜிமென்ட் தனி. கோப்புகளைச் சென்ட் ஜான்ஸில 'தி ரூம்ஸ்' எண்ட இடத்தில தேட வேணும், இணையத்திலயும் பார்க்கலாம்.

ஆள் 1916 ஜூலை 1, பிரான்ஸில போமோன்-ஹாமெலில நிண்டவர். அண்டைக்கு முன்னுக்குப் போன கிட்டத்தட்ட 800 பேரில, அடுத்த நாள் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல இருந்தது 68 பேர். ஜூலை 1 கனடா தினம், நாங்கள் இஞ்ச வாணவேடிக்கை பார்க்கிற நாள். நியூஃபவுண்ட்லாந்தில விடியக் காலமை அஞ்சலி.

கோப்புக்குள்ள தகப்பன்காரன் அரசாங்கத்துக்கு எழுதின கடிதங்கள் கிடந்தது. மீன்பிடிக்கிற மனுசன். மகன்ரை சாமான் எங்கை, சம்பள மிச்சம் எங்கை எண்டு மரியாதையா, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மாப்பிள்ளை சொன்னது சரி, காசுக் கணக்கிலதான் சனம் வெளிக்குது.

கிச்சனர்காரி

எங்கள் ஊர் மவுண்ட் ஹோப் கல்லறையில் புக்கம் சிங் என்ற சீக்கியச் சிப்பாய் இருக்கிறார். பஞ்சாபில் பிறந்தவர், 1915-ல் கனடியப் படையில் சேர்ந்து, ஐரோப்பாவில் இரண்டு முறை காயம்பட்டு, 1919-ல் காசநோயில் இறந்தவர். முதல் போரில் கனடியப் படையில் இருந்ததாகத் தெரிந்த சீக்கியர்கள் சுமார் 10 பேர்தான். இவரையும் உலகமே மறந்திருந்தது. அவருடைய வெற்றிப் பதக்கம் லண்டனில் விற்பனைக்கு வந்தபோது ஒரு வரலாற்று ஆய்வாளர் வாங்கி, விளிம்பில் இருந்த எழுத்தை வைத்துத் தேடித்தான் இந்தக் கல்லறை வெளியே தெரிந்தது. இப்போது வருஷா வருஷம் நவம்பரில் இங்கே நினைவுக்கூட்டம். எங்கள் தெருப் பஞ்சாபிக் குடும்பத்தோடு நானும் போவேன்.

முதல் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். இரண்டாம் போருக்குக் கனடா கொடுத்த பதக்கங்களில் பெயரே இல்லை. பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஹாமில்டன் புதுக்குடி

அக்கா, நாங்க வாங்கின பழைய வீட்டு பேஸ்மெண்ட்ல ஒரு வெண்கல வட்டத் தகடு கிடைச்சுது. சிங்கம், ஒரு பெண் உருவம், ஒரு பேர். எண் எதுவும் இல்ல. இது யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கிச்சனர்காரி

தம்பி, அது முதல் போரில் இறந்தவரின் வீட்டுக்கு அனுப்பிய நினைவுத் தகடு. சாவில் எல்லாரும் சமம் என்று பதவி, எண் எதையும் போடவில்லை. நமக்கு அதுதான் தலைவலி. முன்னாள் படைவீரர் விவகாரத் துறையின் இணைய நினைவகத்தில் பெயரைப் போடுங்கள். ஒரே பெயரில் பலர் வருவார்கள். ஹாமில்டன் முகவரி உள்ளவரை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுப் பத்திரத்தில் பழைய உரிமையாளர் பெயரோடு ஒப்பிடுங்கள். தயவுசெய்து தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்.

ஹாலிஃபாக்ஸ் வாசி

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே ஒரு கறுப்பினப் பாட்டி. "அப்பா போருக்குப் போனார், ஆனால் மரம்தான் வெட்டினார்" என்று கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்வார். தேடினால், 2-வது கட்டுமானப் பட்டாலியன். கறுப்பர்களைச் சேர்க்க மாட்டோம் என்று பல இடங்களில் திருப்பி அனுப்பிய பிறகு, 1916 ஜூலையில் நோவா ஸ்கோஷியாவில் அவர்களுக்கென்று தனியாக அமைத்த பிரிவு. துப்பாக்கி தராமல் பிரான்ஸின் ஜூரா மலையில் மரம் வெட்டவும் பலகை அறுக்கவும் விட்டார்கள். பதுங்குகுழிக்கும் தண்டவாளத்துக்கும் அந்தப் பலகை இல்லாமல் போரே நடந்திருக்காது. 2022 ஜூலை 9-ல் ட்ரூரோவில் கனடா அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

மாப்பிள்ளை சொன்ன பேரேட்டையும் திறந்தேன். மாதாமாதம் பணம் போனது 'மனைவி'க்கு. ஆனால் அது பாட்டியின் அம்மா பெயர் இல்லை! சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, அவருடைய மகளிடம் முதலில் காட்டினேன். அவர் சொல்லச் சொன்னார். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, கட்டில் குலுங்கச் சிரித்தார். "அப்பாவா? அந்த தேவாலய மூப்பரா?" என்று ஒரே கேள்விதான். எல்லா வீட்டிலும் இப்படிச் சிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது. கூட்டத்தின் நடுவில் கோப்பைத் திறக்க வேண்டாம்.

ஹாமில்டன் புதுக்குடி

இரண்டாம் உலகப் போர் கோப்பும் இதே மாதிரி ஆன்லைன்ல கிடைக்குமா? பக்கத்து வீட்டுத் தாத்தா அவங்க அண்ணனைப் பத்திக் கேக்கறார்.

ஒட்டாவா குடிமகன்

அண்ணன் போரிலேயே இறந்தவரா, திரும்பி வந்தவரா? 1939 முதல் 1947 வரை சேவையில் இருந்தபோது இறந்தவர்களின் கோப்புகள் திறந்தவை, பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வந்தவர் என்றால் காப்பகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் இறந்து 20 வருஷம் தாண்டியிருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், இறப்புக்கு அத்தாட்சி இணைக்கணும். 20 வருஷம் ஆகவில்லை என்றால் நெருங்கிய உறவினருக்கு மட்டும், அதுவும் குறைந்த தகவல்தான். அதனால் தாத்தா பெயரிலேயே விண்ணப்பம் போடுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அவருக்கு வயதாகிவிட்டது என்றால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.