உணவுக்குழாய் புற்றுநோய்: சிடிசி ரத்தப் பரிசோதனை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். பெரியப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய், ஸ்குவாமஸ் (தட்டை அணு) வகை. கார்போபிளாட்டின், பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகளோடு ரேடியேஷன் முடிந்து ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறோம். இதற்கிடையில் ஒரு லேப்காரர், ரத்தத்தில் சுற்றும் புற்றணுக்களை (இவற்றைத்தான் சிடிசி என்கிறார்கள்) எண்ணினால் நோய் திரும்புமா என்று தெரிந்துவிடும் என்கிறார். விலையும் கொஞ்சநஞ்சமில்லை.

படித்த வரையில், செல்சர்ச் கருவி 7.5 மில்லி ரத்தத்தில் எப்கேம் என்ற புரதத்தை வைத்துத்தான் இந்த அணுக்களைப் பிடிக்கிறது. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு. பிறகு பெருங்குடல், புராஸ்டேட். உணவுக்குழாய் அதில் இல்லை. எப்கேம் குறைந்துபோன அணுக்கள் வலையில் சிக்காதாம். அப்படியென்றால் பூஜ்யம் என்று வந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாதே? அணுக்கள் தென்பட்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அதை வைத்துச் சிகிச்சையை மாற்றலாமா என்பதுதான் என் குழப்பம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது எடுத்தீர்களா? எந்த முறையில் எண்ணினார்கள்? சிகிச்சைக்கு முன்பும் பின்பும் இரண்டு தடவையா? ரிசல்ட்டைப் பார்த்து ஆன்காலஜிஸ்ட் எதையாவது மாற்றினாரா? அடுத்த வாரம் எங்கள் டாக்டரைப் பார்க்கிறோம்; அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொன்னாலும் போதும். மூலிகை மருந்து லிங்க் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.