மறு: பணியில் வந்த நோயா, பணியால் வந்த நோயா? – ராணுவ ஊன ஓய்வூதியச் சொற்கள்

குழுவினருக்கு வணக்கம். ஊன ஓய்வூதியம் என்பது பணியோடு தொடர்புள்ள ஊனத்துக்காக ராணுவ வீரருக்குத் தருவது. அதன் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது. நோய் பணியால் வந்திருந்தால் ‘அட்ரிபியூட்டபிள்’; வேறு காரணத்தால் வந்த நோய் பணியால் மோசமாகியிருந்தால் ‘அக்ரவேட்டட்’.

> ‘அட்ரிபியூட்டபிள்’, ‘அக்ரவேட்டட்’ இரண்டுக்கும் பொதுவாகப் ‘பணிவிளை நோய்’ என்று வைக்கலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான் இங்கே இடைஞ்சல். ‘பணிவிளை’யை விரித்தால் பணியில் விளைந்தது என்றும் வரும், பணியால் விளைந்தது என்றும் வரும். ஊன ஓய்வூதியத்தில் வழக்கே அந்த ‘இல்’லுக்கும் ‘ஆல்’லுக்கும் நடுவில்தான் நடக்கிறது. விடுப்பில் ஊருக்கு வந்த வீரர் சொந்த வீட்டு வேலையில் ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்தால், அது பணிக்காலத்தில் நேர்ந்தது, பணியால் நேர்ந்ததல்ல. வேற்றுமை உருபை மறைக்கும் தொகை நமக்கு வேண்டாம். ‘பணியால் விளைந்த நோய்’ என்று விரித்தே எழுதுவோம்.

இரண்டுக்கும் ஒரே சொல் என்பதையும் நான் ஏற்கவில்லை. பணி முடியும்போது கூடும் மருத்துவக் குழு ஒவ்வொரு நோய்க்கும் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகப் பார்க்கிறது. உடல்வாகால் வந்த ரத்தக்கொதிப்பு உயர்மலைப் பணியில் ஏறிப்போனால், முதல் கேள்விக்கு ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆம்’. பணித்தொடர்பைக் காட்ட ஓர் ‘ஆம்’ போதும். மனுவில் ‘விளைந்தது’ என்று மட்டும் எழுதியவர் இரண்டாவது கோரிக்கையை வைக்காமலே தோற்கிறார்.

> இரண்டாவதற்கு ‘பணியால் முற்றிய நோய்’?

நோய் முற்றியது என்றால் கைமீறிப்போன கட்டம் என்றே காதில் விழும். விதி அவ்வளவு கேட்பதில்லை. ‘கூடிய’ என்றால் ‘வரக்கூடிய’ என்பதோடு குழம்பும். ‘பணியால் மிகுந்த நோய்’ என்பதே என் தேர்வு. ‘பணிமிகு’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், வேலைப்பளு என்று பொருள்படும்.

> இரண்டும் இல்லை என்பதை வீரர்கள் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ‘நானா’ (NANA) என்கிறார்கள். அதற்கு?

‘பணித்தொடர்பற்றது’. அதற்கு மருத்துவக் குழு வழக்கமாக எழுதும் காரணமான ‘கான்ஸ்டிடியூஷனல்’ என்பதை ‘உடல்வாகு சார்ந்தது’ என்று பெயர்க்க வேண்டும். அகராதியின் முதல் பொருளை எடுத்தால் ‘அரசியலமைப்பு’ ஆகிவிடும். அந்த ஒரு சொல் காரணமாகவும் நிற்காது. தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சேரும்போது பதிவேட்டில் நோய்க்குறிப்பு இல்லையென்றால், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும்; சேரும்போதைய சோதனையில் அது ஏன் தெரிந்திருக்காது என்று மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும்; மெய்ப்பிக்கும் சுமை வீரர் மேல் இல்லை. அது ஊன ஓய்வூதியத் தகுதிக்கான 1982 விதிகளின்மேல் எழுந்த தீர்ப்பு. 2023இல் புதிய விதிகள் வந்துள்ளதால், பணி முடிந்த தேதியைப் பார்த்தே மேற்கோள் காட்ட வேண்டும்.

ஊன விழுக்காட்டை ஓய்வூதியத்துக்காக மாற்றிக் கணக்கிடும் ‘ரவுண்டிங் ஆஃப்’ பற்றியும் ஒரு வார்த்தை. ‘முழுதாக்கல்’ என்றால் பக்கத்து எண்ணுக்கு மாற்றுவது என்று நினைப்பார்கள். இங்கே, 2023 விதிகளுக்கு முன் பணி முடித்தவர்களுக்கு, 20 முதல் 49 விழுக்காடு வரையான ஊனம் 50 ஆகும், 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. எப்போதும் ஏறுமுகம்தான். ‘மேல்முழுதாக்கல்’ என்று வைப்போம். ஊனத்தால் வெளியேற்றப்படாமல் பணிக்காலம் முடித்து வந்தவருக்கு 20க்குக் கீழே இருந்தால், ஓய்வூதியத்தில் ஊனத்துக்கான பகுதியான ஊனக்கூறு கிடையாது என்பதையும் பதிவுக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.