பங்கருக்குள்ள இருந்து பந்து வெளிய வருகுதில்ல - அவசரம்

கல்லடிப்பாலம்77:
வணக்கம். பங்கர்ல இருந்து பந்து வெளிய வருகுதே இல்ல. வீடியோவில சொன்ன மாதிரி எல்லாம் செஞ்சு பாத்திட்டன். 14ஆம் திகதி டுபாய்க்குத் திரும்புறன், போய் இறங்கின கிழமையே மெட்ச். என்ன பிழை எண்டு தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்க.

வாவிமீன்:
தலைப்பப் பாத்திட்டு நெஞ்சு ஒருக்காத் திக்கெண்டிச்சி தம்பி. என்ன விளையாட்டு இது?

கல்லடிப்பாலம்77:
கோல்ப் அண்ணே.

ஏறாவூர் நானா:
தம்பி, எந்தக் கிளப், அடிக்கிற மட்டையத்தான் கேக்கிறன்? வலக்கையா இடக்கையா? மணல் காஞ்சதா ஈரமா? பந்து மேல கிடக்கா, பாதி புதைஞ்சு கிடக்கா? "வெளிய வருகுதில்ல" எண்டா ரெண்டு விதம் இரிக்கு. கிளப் மணலுக்குள்ள இறங்கி நிண்டு, பந்து ரெண்டு அடி உருண்டு நிக்கிறது ஒண்டு. மணல் படாம நேராப் பந்துட வயித்தில பட்டு, குழிச்சுவர்ல மோதித் திரும்புறது மத்தது. ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

பழைய கெடி:
வீடியோ பாத்துக் கோல்ப் படிச்சா இப்பிடித்தான். நான் கொழும்புல கெடியா நிண்டு ஆடுறவங்கட கிளப் பை தூக்கினவன். 1879ல தொடங்கின கழகம், மைதானத்துக்கு நடுவால களனிவெளி ரயில் போகும். அங்க வாறவங்க ஒரு மணற்குழிக்குள்ள பத்துத்தரம் அடிச்சதெல்லாம் பாத்திருக்கன். முதல்ல விதிமுறையப் படிங்க தம்பி. அடிக்க முந்தி பந்துக்குப் பின்னால மணல்ல கிளப்ப ஊண்டக் கூடாது, பழகு வீச்சுலயும் மணல் படக் கூடாது. பட்டா அடிச்ச கணக்கில ரெண்டு அடி கூட்டித் தண்டம். இது தெரியாமத்தான் கனபேர் விளையாடுறாங்க.

பொத்துவில் காத்து:
அவர் கேட்டது தண்டமா? தம்பி, உங்கட பாரம் பின்காலில நிக்குது. பந்தத் தூக்கிவிடோணும் எண்டு நினைக்கிற எல்லாரும் பின்னால சாய்வாங்க. முன்காலில நிண்டு அடிங்க, அவ்வளவுதான். நான் கிரிக்கெட்ல ஸ்வீப் அடிக்கிறதும் இப்பிடித்தான்.

பழைய கெடி:
ஸ்வீப்பாம். நல்லம்.

வாவிமீன்:
ஒரு சின்னச் சந்தேகம். "பங்கர்" எண்டு ஏன் எழுதோணும்? மணற்குழி எண்டா விளங்காதா? நம்மட ஊர்ல பங்கர் எண்டா ஒண்டுதான். தென்னங்குத்தி அடுக்கி, மண்மூட்டை வச்சு, 90ல அம்மா எங்கள இழுத்துக்கொண்டு ஓடின குழி.

பொத்துவில் காத்து:
அண்ணே, அது ஸ்கொட்லாந்து ஆக்கள்ட சொல்லு. காத்துக்கு ஆடு ஒதுங்கின குழிதான் பிறகு மைதானத்தில மணற்குழி ஆகிச்சி எண்டு ஒரு கதை இரிக்கு.

வாவிமீன்:
அங்கயும் ஒதுங்கத்தான் போல. சரி விடுங்க.

கல்லடிப்பாலம்77:
வலக்கை. கல்லடிக் கடற்கரையில விடிய 6 மணிக்குப் பழகுறன். கிளப் உள்ளுக்குப் போய் நிண்டிடுது, கை மணிக்கட்டெல்லாம் நோகுது. கிளப் கூட்டாளிட, முகம் சாஞ்ச வெட்ஜ்தான்.

ஏறாவூர் நானா:
வெட்ஜ் எண்டா எது? அடியில பீ எண்டு போட்டிரிக்கா, எஸ் எண்டு போட்டிரிக்கா, இல்ல 54, 56 எண்டு இலக்கம் இரிக்கா?

வட்டவிதானை:
எனக்குக் கோல்ப் தெரியா. சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்யிறன். ஆனா இந்தத் தம்பி சொல்றதக் கேக்க மண்வெட்டி ஞாபகம் வருது. மண்வெட்டிட வாய் நட்டுக்க நிண்டா மண்ணுக்குள்ள இறங்கும், கட்டி பேத்து எடுக்கலாம். வாயக் கொஞ்சம் மல்லாத்திப் பிடிச்சா இறங்காது, வழுக்கிக்கொண்டு போகும். வரம்பு செதுக்கேக்க அப்பிடித்தான் புடிப்பம். புதுசா வாற பொடியனுகள் செதுக்கச் சொன்னா வெட்டுவானுகள். மறுகா மணிக்கட்டு நோகுது எண்டுவானுகள்.

பழைய கெடி:
கோல்ப் கிளப்பும் மண்வெட்டியும் ஒண்டா? இந்த இழை எங்க போகுது?

ஏறாவூர் நானா:
சரியான இடத்துக்குத்தான் போகுது கெடி அண்ணே. வட்டவிதானை ஐயா சொன்னதுதான் முழுக்கதையும். எஸ் போட்ட சான்ட் வெட்ஜ், அதான் மணலுக்கெண்டு செஞ்ச கிளப், அதிட அடி வயிறு முன்விளிம்ப விடக் கீழ தொங்கும், அதுக்குப் பேர் பவுன்ஸ். அந்த வயிறுதான் மணல்ல வழுக்கும். ஜீன் சராசென் எண்ட அமெரிக்க ஆட்டக்காரர் கிளப் அடியில ஈயம் உருக்கி ஒட்டிப் பாத்ததும் இதுக்குத்தான், 1932ல பிரித்தானிய ஓப்பன அந்தக் கிளப்போடதான் வெண்டார்.

தம்பி, கிளப்புட முகத்த முதல்ல வானம் பாக்கத் திறந்துபோட்டு, அதுக்குப் பிறகு பிடி. கனபேர் பிடிச்சிட்டுத்தான் திறக்கிறது. அடிக்கேக்க கை பழைய இடத்துக்கு வந்து முகம் மூடிடும், முன்விளிம்பு கத்தி மாதிரி இறங்கும். உனக்கு நடக்கிறது அதுதான் எண்டு நினைக்கிறன். பந்து இடக்கால் பக்கம். பாரமும் இடக்கால்ல, அதில காத்து சொன்னது சரி. பந்தப் பாக்காத, அதுக்கு 2 அங்குலம் பின்னால மணலப் பார். அங்க அடிச்சு, கை தோளுக்கு மேல போகுமட்டும் நிப்பாட்டாத. பயத்தில பாதியில நிப்பாட்டினா பந்து அங்கதான் கிடக்கும்.

கரையில ஒரு நீட்டுக் கோடு கீறு. பந்து இல்லாம அந்தக் கோட்டுல 20 தரம் அடி. மணல் மெல்லிசாப் பறக்கோணும், கிடங்கு விழக்கூடாது. மைதானத்தில கோடு கீறாத, கெடி அண்ணே தண்டம் போட்டிருவார்.

பொத்துவில் காத்து:
அலை நனைச்ச மணல்ல பழகாதீங்க. அது இறுகி இரிக்கும், பவுன்ஸ் தெறிச்சு பந்துட மண்டையில படும். மேல காஞ்ச பக்கம் போங்க.

பழைய கெடி:
இதத்தான் நானும் சொல்ல வந்தன். ஒழுங்காப் பழகோணுமெண்டா சீனன்குடாவில விமானப்படைட மைதானம் இரிக்கு. கடற்கரையில கண்டபடி பந்தடிக்கிறது கோல்ப் இல்ல.

வாவிமீன்:
திருகோணமலைக்குப் போய்வாற பஸ் காசு நீங்க குடுப்பீங்களா?

பழைய கெடி:
படிக்க விருப்பமில்லாட்டி என்னட்டக் கேக்காதீங்க.

வாவிமீன்:
உங்களிட்ட ஆரு கேட்ட?

ஏறாவூர் நானா:
விடுங்க ரெண்டுபேரும். தம்பி, அந்த எழுத்து என்னெண்டு இன்னும் சொல்லல்ல.

(மூண்டு நாளைக்குப் பிறகு)

கல்லடிப்பாலம்77:
பீ தான் போட்டிரிந்திச்சி 😅 முகத்தத் திறந்து பிடிச்சு அடிச்சன், பத்துக்கு ஆறு வருது. டுபாயில கூட்டாளி ஒராள்ட்ட 56 இரிக்காம். வட்டவிதானை ஐயாக்கு பெரிய நன்றி. நாளைக்கு பிளைட்.

ஏறாவூர் நானா:
பீ எண்டா பிட்சிங் வெட்ஜ், வயிறு பெரிசா இல்லாத சாமான். அதால ஆறு எடுத்தா 56ஆல எல்லாம் வரும். அங்கத்த மணல் எப்பிடி, மாவு மாதிரியா பருமனா?

வட்டவிதானை:
தம்பி, கரையில கிண்டின கிடங்குகள மூடினியா? விடிய கரைவலை இழுக்கிற ஆக்கள் பின்பக்கமாத்தான் நடந்து வருவாங்க.