சர்வாதிகாரம் போன கையோட வற் வரியைக் கூட்டினது ஏன்? சிலி, தென்னாபிரிக்கா பற்றி ஒரு கேள்வி

நல்லூர்வாசி:
அடுத்த கிழமை எங்கட வாசகர் வட்டத்தில வரியும் ஏற்றத்தாழ்வும் பற்றிப் பேசவேணும். 1990 இல சிலியில சர்வாதிகாரி பினோசே இறங்கி, தேர்தலில வெண்ட அயில்வின் வந்து சில மாதத்துக்குள்ள வற் வரியை (பெறுமதிசேர் வரி) 16 வீதத்திலயிருந்து 18 ஆக்கியிருக்கினம். ஏழையின்ர சவர்க்காரத்திலயும் விழுகிற வரி இது. சனநாயகம் எண்டு வாக்குக் கேட்டு வந்தவை ஏன் இதைச் செய்தவை? தென்னாபிரிக்காவிலயும் நிறவெறி ஆட்சி போன 1994 க்குப் பிறகு வரி நல்லாத்தான் சேர்ந்திருக்கு, ஆனா கினிக் குணகம் (வருமான ஏற்றத்தாழ்வின்ர அளவு: 0 எண்டால் எல்லாருக்கும் சமம், 1 எண்டால் எல்லாம் ஒருத்தரிட்ட) இன்னும் 0.6 க்கு மேலதான் நிக்குது. கணக்கோட ஆராவது விளங்கப்படுத்துவியளே?

கணக்குப்பிள்ளை:
சிலியில அதிகாரம் முழுசாய்க் கைமாறேல்லை. பினோசே 1998 வரைக்கும் இராணுவத் தளபதி. செனட்டில மக்கள் தெரிவுசெய்யாத 9 நியமன உறுப்பினர் இருந்தவை, அதால அயில்வின்ர கூட்டணிக்கு அங்க பெரும்பான்மை இல்லை. நிதியமைச்சர் பொக்ஸ்லி வலதுசாரிக் கட்சியோட பேரம் பேசித்தான் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்தப் பேரத்தில வற் மட்டும் இல்லை. கம்பனி வரி 10 இலயிருந்து 15 ஆனது. பங்கு பிரிச்ச இலாபத்தில மட்டும் எடுத்த வரி, உழைச்ச முழு இலாபத்திலயும் எண்டு மாறினது. பெரிய பண்ணைக்காரர் உண்மை இலாபத்துக்குப் பதிலாய் உத்தேச வருமானத்தைக் காட்டித் தப்பின வழியும் குறுகினது. இன்னுமொண்டு: 1988 வரைக்கும் வற் 20 வீதம். தன்ர ஆட்சி நீடிக்கிறதோ எண்டு அந்த வருசம் வைச்ச பொதுசன வாக்கெடுப்புக்கு முன்னம் பினோசேதான் அதை 16 ஆக்கினவர். 18 எண்டது பாதி வழி திரும்பினது.

மொத்தமாய் தேசிய உற்பத்தியில கிட்டத்தட்ட 2 வீதம் கூடக் கிடைச்சது. அதைச் சமூகச் செலவுக்கு எண்டு சொல்லித்தான் கேட்டவை.

கணக்கை எங்கட காசில போடுவம். அ குடும்பத்துக்கு மாதம் 60,000 ரூபா, முழுக்கச் செலவு, அதில வற் விழுகிற சாமான் 30,000. ஆ குடும்பத்துக்கு 600,000, வற் விழுகிற செலவு 200,000, மிச்சத்தில பெரும்பங்கு சேமிப்பு. வீதம் 18 எண்டு வையுங்கோ. கன பேர் இதில 30,000 ஐ 18 வீதத்தால பெருக்கி 5,400 எண்டு எழுதுவினம், பிழை. விலைக்குள்ளயே வரி இருக்கு, அதால 18/118 ஆல பெருக்கவேணும். அ கட்டுறது 4,576, அது வருமானத்தில 7.6 வீதம். ஆ கட்டுறது 30,508, அது 5.1 வீதம். ஏழைக்குத்தான் பாரம்.

இனிச் சேர்ந்த 35,084 ஐயும் பள்ளிக்கூடம், ஆசுப்பத்திரி எண்டு இரண்டு வீட்டுக்கும் சமமாய்ச் செலவழிச்சுப் பாருங்கோ. வீட்டுக்கு 17,542. அ க்கு 12,966 மிச்சம், ஆ க்கு அதேயளவு நட்டம். வரி அநியாயமாய் இருந்தும் முடிவு ஏழைக்குச் சாதகம். அதே காசு கடன் வட்டிக்குப் போனால் அ க்கு நட்டம் மட்டும்தான். 1996 தரவை வைச்சுச் சிலிக்குச் செய்த கணிப்பில கினி வரிக்கு முன் 0.488, வரிக்குப் பின் 0.496. வரியால இடைவெளி ஒரு நூலளவு கூடத்தான் செய்திருக்கு. 1990 களில வறுமை இறங்கினதுக்குப் பொருளாதார வளர்ச்சியையும் செலவுப் பக்கத்தையும்தான் பார்க்கவேணும்.

கோண்டாவில் மாலா:
கணக்குப்பிள்ளை அண்ணை மேல்தட்டைத் தொடாமல் விட்டிட்டார். சிலியில கம்பனி கட்டின 15 வீதம் முதலாளியின்ர தனியாள் வரிக்கு முற்பணம் மாதிரி. ஒரு கோடி இலாபம் எண்டால் கம்பனி 15 இலட்சம் கட்டும். முதலாளி முழுவதையும் கைக்கு எடுத்து உச்ச வீதமான 50 இல விழுந்தால் இன்னும் 35 இலட்சம் கட்டவேணும். எடுக்காமல் விட்டால்? அந்த 35 இலட்சத்துக்குத் தவணையே இல்லை. தன்ர பேரில ஒரு முதலீட்டுக் கம்பனி திறந்து இலாபத்தை அங்க மாத்தினாலும் அது “எடுத்ததாய்” கணக்கில வராது. அரசாங்கம் தாற வட்டியில்லாக் கடன் தான், வேற என்ன. 1984 இல வந்த இந்த ஏற்பாட்டைச் சனநாயக அரசாங்கங்கள் தொடாமல் விட்டு, 2014 சீர்திருத்தத்திலதான் கைவைச்சவை.

பேச்சில இதையும் சொல்லுங்கோ: வீட்டுக்கு வீடு போய் எடுக்கிற வருமான ஆய்வில கம்பனிக்குள்ள கிடக்கிற இந்த இலாபம் பதியப்படாது. அந்த ஆய்வில வாற கினி உண்மையைவிடக் குறைவாய்த்தான் இருக்கும்.

தெல்லிப்பழை ராசன்:
தென்னாபிரிக்காவில கதை வேற. வற் 1991 இல 10 வீதத்தோட வந்து 1993 இல 14 ஆனது, அதாவது மண்டேலா வரமுதலே. தவிட்டுப் பாண், சோள மா மாதிரிச் சாமானுக்குப் பூச்சிய வீதம். 1994 இல 50,000 ராண்டுக்கு மேல வருமானம் உள்ள ஆள், கம்பனி எல்லாத்துக்கும் ஒருதடவை மட்டும் 5 வீத மாறுகால வரி (ஆட்சி மாறுற செலவுக்கான வரி) போட்டவை. அதே பாதீட்டில கம்பனி வரியை 40 இலயிருந்து 35 ஆக்கிக் குறைச்சும் விட்டவை, முதல் வெளிய ஓடிப்போகும் எண்ட பயம். 1997 இல இறைவரியையும் சுங்கத்தையும் சேர்த்துத் தனி நிறுவனம் ஆக்கினவை. வசூல் கூடினதுக்கு அதுவும் பெரிய காரணம். மூலதன ஆதாய வரி 2001 ஒக்ரோபரிலதான் வந்தது. ஏழு வருசம் பிந்தி.

கினி இறங்காததுக்கு வரியைக் குறைசொல்லி வேலையில்லை. அங்க நேர்வரி படிமுறையாய்த்தான் (வருமானம் கூடக்கூட வீதமும் கூடுற மாதிரி) இருக்கு, உதவிப்பணமும் போகுது. ஆனா காணி, வேலை, படிப்பு எல்லாம் நிறவெறி ஆட்சி பிரிச்சு வைச்ச இடத்திலயே நிக்குது. வரிக்கும் உதவிப்பணத்துக்கும் முந்தின சந்தை வருமானத்திலயே அவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் வரி வெட்டினாப் பிறகும் 0.6 க்கு மேலதான் நிக்கும்.

நல்லூர்வாசி:
பூச்சிய வீதமும் விலக்களிப்பும் ஒண்டுதானே?

கணக்குப்பிள்ளை:
இல்லை. பூச்சிய வீதம் எண்டால் வியாபாரி தான் வாங்கேக்க கட்டின வற்றைத் திருப்பி எடுப்பார், விலைக்குள்ள வரி இராது. விலக்களிப்பு எண்டால் திருப்பி எடுக்கேலாது, கட்டினது விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். பதியாத கடைக்கும் அதே கதை. எங்கட நாட்டில 2024 இல பதிவு எல்லை வருசத்துக்கு 6 கோடி ரூபா விற்பனை. சந்திக் கடைக்காரர் துண்டில வற் போடமாட்டார், ஆனா விநியோகத்தர் போட்ட 18 வீதம் சவர்க்காரத்தின்ர விலைக்குள்ள இருக்கு. “சின்னக் கடையில வாங்கினால் வற் இல்லை” எண்டு கூட்டத்தில ஆரும் கேட்டால் இதைச் சொல்லுங்கோ.

தெல்லிப்பழை ராசன்:
நேரம் இருந்தால் சோலைவரியையும் (ஆதனவரி) தொடுங்கோ. 1980 களில, ஜொகன்னஸ்பேர்க்குக்குப் பக்கத்தில கறுப்பினத்தவரை ஒதுக்கி வைச்ச சோவெற்றோவின்ர சனம் வாடகை கட்ட மறுத்தபோது வைச்ச கோரிக்கை “ஒரே நகரம், ஒரே வரித்தளம்”. அவை உழைச்சதும் சாமான் வாங்கினதும் ஜொகன்னஸ்பேர்க்கில. பெரிய கட்டிடங்களின்ர ஆதனவரி அந்த நகரசபைக்குத்தான் போனது. சோவெற்றோச் சபைக்கு வரி போட அப்பிடிப் பெரிய கட்டிடங்கள் இல்லை. மாறுகாலத்தில சபைகளை ஒண்டாக்கினது இதுக்காகவும்தான். எல்லையை மாத்திக் காசைப் பங்கிட்டவை. உங்கட வட்டத்தில மாநகரசபைக்குள்ள இருக்கிறவையும் பிரதேசசபைக்காரரும் கலந்துதானே வருவினம், இந்தப் பகுதிக்குத்தான் கேள்வி கூட வரும்.